நூல் பிடித்துப் போனால் சந்தகை

ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை இருந்தால், எங்கள் பனியன் கம்பெனியில் சாப்பாட்டுப் போசிகளைக் கட்டிங் டேபிள் மேலேயே விரித்துவிடுவோம். அன்றைக்கு என் தூக்குப்போசியில் சந்தகை. தனி டப்பாவில் தேங்காய்ப்பால், ஒரு பொட்டலத்தில் நாட்டுச் சர்க்கரை, இன்னொன்றில் வறுத்து இடித்த எள்ளுப்பொடி. மூடியைத் திறந்ததும் எதிரில் இருந்த செக்கிங் பையன் எட்டிப் பார்த்தான். ஒடிசாக்காரன், திருப்பூர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முகம் மலர்ந்து, "சிமெய்!" என்றான்.

"சந்தகை" என்று திருத்தினேன்.

"ஆமாண்ணா, சிமெய்."

பக்கத்தில் இருந்த ஓவர்லாக் டெய்லர் மதுரைப் பக்கம். "இடியாப்பத்தை ஏண்ணே இப்படி உதுத்து வெச்சிருக்கீங்க?" என்றார். பேக்கிங் பார்க்கிற கண்ணூர்க்காரர் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "நூல்புட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரே போசி, நாலு பெயர். எல்லாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சாப்பிட்டதில் எனக்கு மிஞ்சியது எள்ளுப்பொடி.

நூலில் பிழைக்கிற ஊரில் நூல் மாதிரி ஒரு பண்டத்துக்கு நாலு பேர் நாலு பெயர் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து இந்தப் பெயர்களின் பின்னால் திரிகிறேன். கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பையன் சொன்னது. அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் சொல்லும் பெரிய வீட்டுச் சொல்தான். வடமொழியில் 'சேவிகா' என்று ஒரு பண்டம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்ற வைத்திய நூலில் அதன் செய்முறை இருக்கிறது: கோதுமை மாவை மெல்லிய திரியாகத் திரித்து, வாற்கோதுமை மணி போலச் சிறிது சிறிதாக ஆக்கி, காய வைத்து, பாலில் வேக வைத்து, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து உண்பது. அந்தச் சேவிகாவின் பிள்ளைகள் நாடு முழுக்க இருக்கிறார்கள். இந்தியில் சேவைஇ, மராத்தியில் ஷேவஈ, வங்காளத்தில் ஷெமாய், ஒடியாவில் சிமெய், நாம் பாயசத்துக்கு வாங்குகிற சேமியா. குஜராத்திக்காரர் கடலை மாவில் பிழிந்து பொரிக்கிற 'சேவ்' கூட இந்தக் குடும்பம்தான். நாம் அதை ஓமப்பொடி என்கிறோம்.

தமிழில் இதன் நேர் வாரிசு 'சேவை'. பிராமணர் வீடுகளிலும் கோயம்புத்தூர் ஓட்டல்களிலும் எலுமிச்சைச் சேவை, தேங்காய்ச் சேவை, புளிச் சேவை என்று வரிசையாக வருமே, அது. பாவம், இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏகப்பட்ட பங்காளிகள். பெருமாள் கோயிலில் சேவை என்றால் தரிசனம். மேடையில் சேவை என்றால் தொண்டு. எங்கள் கம்பெனிக் கணக்கரிடம் சேவை என்று சொன்னால், 2017 ஜூலையிலிருந்து 'சரக்கு மற்றும் சேவை வரி'தான் ஞாபகத்துக்கு வரும். தின்கிற சேவை கடைசியாகத்தான் வரும்.

கன்னடத்தில் 'சாவிகெ'. இந்தப் பெயரில் எனக்குத் தனிப் பிரியம், காரணம் அதன் வால். வடமொழி 'மல்லிகா' தமிழில் மல்லிகை ஆயிற்று, கன்னடத்தில் மல்லிகெ. தமிழின் 'ஐ' கன்னடத்தில் 'எ' ஆகும்: மலை, மலெ, தலை, தலெ. அதே கணக்கில் சேவிகா கன்னடத்தில் சாவிகெ ஆனது. தமிழ்க் கணக்குப்படி நம்மிடம் 'சேவிகை' என்று நின்றிருக்க வேண்டும். நடுவில் இருந்த 'க' கரைந்து சேவை என்று சுருங்கிவிட்டது. கன்னடக்காரர் வாலைக் காப்பாற்றினார், நாம் விட்டுவிட்டோம்.

வாலை மட்டுமல்ல, வேலையையும் பெயரில் காப்பாற்றினார்கள். அரிசியில் செய்வதை அவர்கள் 'ஒத்து சாவிகெ' என்பார்கள். ஒத்து என்றால் அழுத்து. நம் ஊரில் ஒத்தடம் கொடுக்கிறோமே, அந்த ஒத்துதான். அழுத்தும் கருவிக்குப் பெயர் 'சாவிகெ ஒரளு'. ஒரளு நம் உரல். மாவை முதலில் வேக வைத்துப் பிறகு பிழிவதுதான் அங்கேயும் முறை. 1799 வரை கோயம்புத்தூர்ச் சீமை மைசூர்க்காரர் கையில்தான் இருந்தது. சத்தியமங்கலத்து மலையை ஏறி இறங்கினால் சாமராஜநகர். அந்தப் பக்கத்து அடுப்பும் இந்தப் பக்கத்து அடுப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் எரிந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வேக வைத்துப் பிழிவது என்றேன். அங்கேதான் மதுரைக்காரரோடு எனக்குத் தகராறு. இடியாப்பத்துக்கு மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, தட்டில் சுற்றிப் பிழிந்து, அப்புறம் ஆவியில் வேக வைப்பார்கள். சந்தகைக்கு முதலில் வேக வேண்டும், பிறகு பிழிய வேண்டும். "எல்லாம் அரிசிதானே, என்னண்ணே பெரிய வித்தியாசம்?" என்றார் அவர். நூலுக்கே சாயம் போட்டுப் பிறகு துணியாக்குவதும், வெள்ளைத் துணியை நிட்டிங் செய்து பிறகு சாயப்பட்டறைக்கு அனுப்புவதும் ஒன்றா என்று கேட்டேன். இரண்டும் சிவப்புத் துணிதான். ஆனால் ஒன்றின் விலைக்கு இன்னொன்றை வாங்கி வந்தால் எங்கள் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் பேசாமல் இன்னொரு கை சந்தகை எடுத்துக்கொண்டார்.

காங்கேயம் பக்கம் என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் சந்தகை என்றால் அது தனி ஆள் வேலை அல்ல. தீபாவளிக்கு, அல்லது புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால். முதல் நாள் ராத்திரியே புழுங்கலரிசியை ஊறப்போட்டு விடியற்காலையில் ஆட்டுவார். உளுந்து சேராது, புளிக்க விடக் கூடாது. அரிசியும் உப்பும் மட்டும். விரலில் தொட்டால் திப்பி தட்டக் கூடாது. அதை இட்லித் துணியில் ஊற்றி வேக வைப்பார். உளுந்து இல்லாத இட்லி உப்பாது. கெட்டியாக, மினுமினுப்பாக, கொஞ்சம் கண்ணாடி மாதிரி வரும். அதற்குள் முற்றத்தில் சந்தகை வந்து நின்றிருக்கும். மூன்று இரும்புக் கால், நடுவில் ஒரு குழல், குழலின் அடியில் சல்லடைத் தட்டு, மேலே இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுகிற திருகு.

ஆவி பறக்கிற இட்லியைத் துணியோடு கொண்டுவந்து குழலுக்குள் தள்ளுவார். தண்ணீரில் கை நனைத்து நனைத்துத் தள்ளினாலும் அவர் விரல் நுனிகள் சிவந்திருக்கும். நான் திருக வேண்டும்.

"வெரசாத் திருகு சாமி. ஆறிப்போச்சுன்னா கல்லாட்டம் நின்னுக்கும். அப்பறம் உங்க அப்புச்சியே வந்தாலும் அசையாது."

உண்மைதான். சூடாக இருக்கும்போது முதல் இரண்டு சுற்று சும்மா போகும். மூன்றாவது சுற்றில் தோள்பட்டை தெரியும். கீழே அடியில் ஐம்பது அறுபது வெள்ளை முனைகள் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும், ஒரு கணம் தயங்கும், பிறகு மொத்தமாக இறங்கும். அமுச்சி கீழே எண்ணெய் தடவிய தட்டைச் சுற்றிச் சுற்றிப் பிடிப்பார். நடுவில் நிறுத்தினால் நூல் அறுந்துவிடும். முக்காலி வேறு தரையில் நகரும். அதனால் ஒரு காலை நான் மிதித்துக்கொள்வேன், இன்னொரு காலை என் தம்பி. பாக்கி ஒரு காலுக்கு எப்போதும் ஆள் கிடைக்காது. இப்படி எட்டு ஈடு, பத்து ஈடு. முடிந்ததும் பாதியை எலுமிச்சை தாளித்துக் கிளறுவார். பாதிக்குத் தேங்காய்ப்பால். காங்கேயத்தில் தேங்காய்க்கா பஞ்சம்? அந்த ஊரே தேங்காய் எண்ணெய்யில் ஓடுகிற ஊர். சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வரும், பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை.

சாகிறதுக்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டிய பண்டம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், கடைச் சந்தகையைச் சொல்ல மாட்டேன். இறங்கின சூட்டில், தட்டுக் கைமாறுவதற்குள், தேங்காய்ப்பாலில் நனைந்தும் நனையாமலும் இருக்கிற முதல் ஈட்டைச் சொல்வேன். அதைத் தின்ன வேண்டுமானால் ஒரு முற்றமும் திருகுகிற ஒருவரும் வேண்டும். விலைக்குக் கிடைக்காது.

இடியாப்பத்துக்கு வருகிறேன். பெயர் தெளிவானது: இடி, அப்பம். அரிசியை ஊற வைத்து, உலர்த்தி, உரலில் இடித்து, சலித்து, வறுத்து மாவாக்கும் வேலைதான் அந்தப் பண்டத்தில் பெரிய வேலை. பிழிவது அப்புறம். உலக்கை பிடித்தவள் வைத்த பெயர் அது. இன்றைக்கு மாவு பாக்கெட்டில் வருகிறது. உலக்கையே இல்லாத வீட்டில்கூட இடியாப்பம் இடியாப்பமாகவே இருக்கிறது. கைவிட்ட வேலையைப் பெயர் ஞாபகம் வைத்திருக்கிறது.

தீராத குழப்பத்துக்கு 'இடியாப்பச் சிக்கல்' என்று சொல்கிறோம். எங்கள் ஊரில் நூல் சிக்கலும் உண்டு, இடியாப்பச் சிக்கலும் உண்டு. சந்தகைச் சிக்கல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காரணம் சமையலில் இருக்கிறது. இடியாப்பம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்து, அப்படியே வெந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. தலை எது வால் எது என்று எடுக்க முடியாது. சந்தகை வெந்தபின் இறங்குவதால் ஒட்டாது. விரலால் கோதினாலே பிரியும். சிக்கே விழாத பண்டத்துக்குப் பழமொழி எப்படி வரும்?

நூல்புட்டு, அதைவிடச் சுவாரசியம். 'புட்டு' முதலில் பிட்டு. பிட்டு உதிர்க்கிற பண்டம் பிட்டு. வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் மண் சுமந்த கதையில் கூலியாகக் கேட்ட உதிர்ந்த பிட்டு. பிள்ளை புள்ளை ஆனது போல, பிடி புடி ஆனது போல, பிட்டு வாய்க்கு வந்து புட்டு ஆயிற்று. புட்டின் குணமே உதிர்வது. நூலின் குணம் அறாமல் நீள்வது. இரண்டையும் ஒரே பெயரில் முடிச்சுப்போட்ட மலபார்க்காரரின் துணிச்சலை மெச்ச வேண்டும். ஆனால் கவனியுங்கள், இந்தப் பெயரில் வேலை இல்லை. இடிப்பதும் இல்லை, அழுத்துவதும் இல்லை. இலையில் வந்து விழுந்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற நூல் மட்டும் இருக்கிறது. இது தின்கிறவர் வைத்த பெயர்.

இப்படிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு எல்லாப் பெயர்களும் இரண்டு கட்சியாகத் தெரிய ஆரம்பித்தன. அடுப்படிக் கட்சி, பந்திக் கட்சி. அடுப்படிக்காரர்கள் தோள் வலித்த இடத்தைப் பெயராக்குவார்கள். பந்திக்காரர்கள் கண்ணில் பட்டதைப் பெயராக்குவார்கள்.

பந்திக் கட்சியின் ஆதி உறுப்பினர் என்று நான் நினைப்பவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் உவமை வைக்கிறார். காஞ்சி மரத்தைச் சுற்றிப் படர்ந்த குருக்கத்தியின் பூக்கள், நிழல் படிந்த மணலோரத்துத் தண்ணீரில் விழுந்து கிடக்கின்றன. பார்த்தால் கூவியர் கரிய சட்டியில் பாகு சேர்த்துச் செய்த, இழை சூழ்ந்த வட்டங்கள் பாலில் கிடப்பது போல இருக்கிறதாம். கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்பவர். இந்த ஓர் உவமையைக் கையில் வைத்துக்கொண்டு, சங்க காலத்திலேயே இடியாப்பம் இருந்தது என்று முழங்குகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கரிய சட்டியும் பாகும் ஆவியில் வெந்த பண்டத்தைக் காட்டவில்லை. சட்டியில் சுட்டதையோ பொரித்ததையோதான் காட்டுகின்றன. ஆனால் அந்தப் புலவர் தட்டைப் பார்த்ததும் சொன்ன சொல் 'இழை'. பாலில் ஊறிய இழை. அதற்காகவே அவரை எங்கள் கட்டிங் டேபிளில் உட்கார வைத்து ஒரு கிண்ணம் சந்தகை கொடுக்கலாம்.

மதுரைக்காஞ்சியிலும் கூவியர் வருகிறார்கள். தேனடை போலக் கண் கண்ணாக இருக்கும் மெல்லிய அடையும், பூரணம் வைத்த மோதகமும் விற்றுவிட்டு, இரவு முற்றியதும் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். அங்கேயும் புலவர் கண்ணில் பட்டது அடையின் கண்கள்தான். அடை வார்த்தவர் கை என்னபாடு பட்டது என்று பாட்டில் இல்லை. தூங்கி விழுவதை மட்டுமாவது பார்த்தாரே.

கடலைத் தாண்டினால் பந்திக் கட்சிக்குப் பெரும்பான்மை. யாழ்ப்பாணத்தில் இடியப்பம், சொதியோடு. அது நம் பெயர்தான், வாயில் கொஞ்சம் குறுகியிருக்கிறது. சிங்களத்தில் போய் 'இந்தி ஆப்ப' ஆயிற்று. 'இடி'க்குள் ஒரு மூக்கொலி நுழைந்துகொண்டது. சிங்களத்தில் இந்தி என்றால் ஈச்சை. பேரீச்சம்பழத்தை 'ரட்ட இந்தி' என்பார்கள். நம் உலக்கை அங்கே ஈச்ச மரமாக முளைத்துவிட்டது. இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர் அதையே 'ஸ்ட்ரிங் ஹாப்பர்' என்றார்கள். ஸ்ட்ரிங் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த கயிறு. ஹாப்பர், வேறென்ன, நம் அப்பம். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே ஹாப்பரைத் தமிழ் அப்பத்திடம் கொண்டுவந்து விடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'புத்து மாயம்'. துருவின தேங்காயும் சர்க்கரையும் வைத்துக் கொடுப்பார்கள். புத்து நம் புட்டு. ஏட்டில் இருந்த பிட்டு கப்பல் ஏறவில்லை. தெருவில் பேசின புட்டுதான் ஏறியிருக்கிறது. கப்பலில் போனவர்கள் ஏடு படித்தவர்கள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மாயம் என்றதும் தமிழன் மந்திரவாதியை நினைப்பான். இந்தோனேசியாவில் அதையே 'புத்து மாயாங்' என்கிறார்கள். மலாயில் மாயாங் என்றால் கமுகு, தென்னை வகையின் பூங்குலை. பாளை வெடித்ததும் சரம் சரமாக வெளியே வருமே, அது. உருத்திரங்கண்ணனார் பூவைப் பார்த்து இழைப் பண்டத்தை நினைத்தார். மலாய்க்காரர் இழைப் பண்டத்தைப் பார்த்துப் பூவை நினைத்தார். இடையில் ஒரு கடலும் பல நூற்றாண்டும்.

பெயர் ஊர் சுற்றுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நாங்கள் தைக்கிற பனியனே அப்படி வந்ததுதான். குஜராத்து வணிகரான வாணியாவைப் போர்ச்சுகீசியர் பனியன் என்றார்கள். அந்த வணிகர் உடுத்தியதைப் போன்ற தொளதொளத்த அங்கியை ஆங்கிலேயர் வீட்டில் மாட்டிக்கொண்டு அதையும் பனியன் என்றார்கள். அங்கி சுருங்கி, சட்டைக்கு உள்ளே போய், நம்மிடம் வந்து சேர்ந்தது. வணிகனின் பெயர் உள்ளாடைக்கு ஆகி, உள்ளாடையின் பெயரில் ஒரு ஊரே வணிகம் பண்ணுகிறது.

சரி, சந்தகை.

எங்கள் பக்கம் எழுதும்போது சந்தகை, பேசும்போது சந்தகெ. ஒரு பத்து மைல் தள்ளினால் சந்தவை, சந்தவெ. இந்த க, வ மாற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சிவப்பைச் சிகப்பு என்கிறோம், பாகற்காயைப் பாவக்காய் என்கிறோம். எது மூத்தது என்று கேட்டால் இரண்டு ஊர்க்காரரும் அடித்துக்கொள்வார்கள்.

பெயர்க் காரணம் கேட்டால் என் மாமா ஒருவர், சந்தையில் விற்றதால் சந்தகை என்பார். ஒப்ப மாட்டேன். சந்தையில் உட்கார்ந்து விற்கிற பண்டம் முறுக்கும் கச்சாயமும். மூன்று பேர் சேர்ந்து சூட்டோடு திருகி, சூட்டோடு தின்ன வேண்டிய ஒன்றை எந்தச் சந்தையில், யார் கூறுகட்டி வைத்தார்? இன்னொருவர், சந்தம் என்றால் அழகு, அழகான பண்டம் என்றார். அவர் ஒரு நாளும் திருகு பிடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அடுப்படியில் நிற்பவர் அழகைப் பார்த்துப் பெயர் வைக்க மாட்டார்.

என் கட்சி வேறு. சந்து. சந்து பொந்து என்கிறோமே, அந்தச் சந்து. இரண்டு பொருளுக்கு நடுவில் இருக்கிற இடுக்கு. மாவு அந்தத் தட்டின் இடுக்குகள் வழியாகத்தான் உயிர் பெற்று இறங்குகிறது. இதற்கு எதிராக இலக்கணம் படித்தவர் ஒருவர் சொன்னது சரியான அடி: கலவை, பார்வை, போர்வை என்று வரும் 'வை' வினையோடுதான் சேரும், சந்து வினை இல்லையே? ஆமாம், இல்லை. இருந்தும் என் ஊகத்தை நான் விடுவதாக இல்லை. காரணம் இலக்கணத்தில் இல்லை, அமுச்சி வீட்டுப் பேச்சில் இருக்கிறது. "சந்தகையை எறக்கி வை" என்று அவர் சொன்னால் பரணில் இருக்கும் முக்காலியை இறக்க வேண்டும். "சந்தகையைத் தின்னு" என்றால் தட்டில் இருப்பதை. கருவிக்கும் பண்டத்துக்கும் அவர் ஒரே பெயர்தான் வைத்திருந்தார். துளையைக் கொண்ட கருவியின் பெயர், துளைவழியே வந்ததற்கும் ஒட்டிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

இது திருப்பூர்க்காரனின் காதுக்கு விநோதமாகப் படாது. எங்கள் கம்பெனியில் ஆளுக்கே மிஷின் பெயர்தான். "ஓவர்லாக் வந்தாச்சா?" என்றால் அந்த மதுரைக்காரர் வந்துவிட்டாரா என்று அர்த்தம். "பேட்லாக் ரெண்டு பேர் வேணும்" என்று கம்பெனி வாசலில் அட்டை தொங்கும். சிங்கர் ஒரு கம்பெனியின் பெயர். இங்கே அது ஒரு தையல், ஒரு சம்பளம், ஒரு ஆள். கருவியோடு பழகுகிறவர்கள் கருவியின் பெயரைத்தான் எல்லாவற்றுக்கும் வைப்பார்கள்.

வேலையைக் கேட்டால், சந்தகை நூற்பதே இல்லை. பஞ்சைத் திரித்து முறுக்கேற்றினால்தான் நூல். பாவமிச்ரரின் சேவிகா கையால் திரித்தது. அதுதான் நியாயமாக நூல்வகை. சந்தகை பிழிவது. ஆனால் பிழிந்தெடுக்கும் இழையும் இந்த மண்ணுக்குத் தெரியும். சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் மரக்கூழைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் தள்ளித்தான் இழை எடுத்தார்கள். தட்டு, துளை, அழுத்தம். அமுச்சிக்கு அமிலத்துக்குப் பதில் எண்ணெய் தடவிய தட்டு.

ஒரு நாள் மதியம் வேலை இல்லாதபோது சந்தகைக்கு எத்தனை கவுண்ட் என்று கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். நாங்கள் டீ-சர்ட்டுக்கு ஓட்டுகிற 30ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 25,200 கெஜம் போகும். சந்தகைத் தட்டின் கண் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டுச் சந்தகை சுமார் 250 கெஜம் நீளும். கால் கவுண்டைக் கொஞ்சம் தாண்டும். நிட்டிங் மாஸ்டரிடம் காட்டினேன். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசி ஒடிஞ்சிரும்ங்க" என்றார்.

அமுச்சியின் சந்தகை இப்போது என்னிடம் இருக்கிறது. திருகின் மரை தேய்ந்துபோய், பாதி இறங்கியதும் வழுக்குகிறது. புதிது வாங்க அனுப்பர்பாளையத்துக்குப் போனேன். பித்தளைக்கும் செம்புக்கும் பேர்போன பாத்திரத் தொழில் ஊர். தெருவுக்குள் நுழைந்தாலே தட்டுகிற சத்தம் கேட்கும். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வில்லைகளைப் பரப்பினார். "இது ஓமப்பொடி, இது இடியாப்பம், இது சேவை, இது நட்சத்திர முறுக்கு." கைக்கு அடக்கமான அச்சுகளையே திரும்பத் திரும்பக் காட்டினார். சந்தகைங்க, சந்தவைம்பாங்களே, கீழே வெச்சுத் திருகறது என்று கையால் சுற்றிக் காட்டினேன்.

"அட, அதுங்களா!" என்று உள்ளே போய் இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தார். மூன்று கால், குழல், திருகு. சுற்றிப் பார்த்தேன், மரை வழுக்கவில்லை. காசு கொடுத்தேன். அவர் பில் புத்தகத்தை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டுத் தாளைப் புரட்டி எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.

முக்காலி – 1.